நூற்றுக்கு ஐந்து: பாழடைந்த குடித்தன வீடுகள் மீட்கப்பட்ட வரலாறு

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார்" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். புதிதாகக் கட்டுகிறவன் படும் பாட்டை அப்பழமொழி சொல்கிறது. ஆனால் பிறர் கட்டிப் பாழாக்கிய வீட்டை, அதுவும் அறைக்கு ஒரு குடும்பமாக மக்கள் அடைந்து கிடக்கும் ஒண்டுக்குடித்தன வீட்டை விலைக்கு வாங்கி, பழுது பார்த்து, குடியிருக்கும் ஏழைகளையும் அங்கேயே வைத்துக்கொண்டு, போட்ட முதலை வட்டியோடு திரும்ப எடுப்பது கட்டுவதைக் காட்டிலும் கடினமான காரியம். இப்படி ஒரு காரியம் நடக்குமா என்று நாம் ஐயுறலாம். 1865-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ஒரு பெண்மணி அதைச் செய்து காட்டினார். அவ்வரலாற்றையே இக்கட்டுரையில் காணப்போகிறோம்.

ஜூபிலி மலரில் கோயில் எழும்பிய வரலாறு இருக்கலாம்; அந்நிய நாட்டுக் குடித்தன வீடுகளின் வரலாறு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். ஜூபிலி என்ற சொல்லே வீட்டோடும் நிலத்தோடும் பிறந்த சொல். லேவியர் ஆகமம் 25-ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்த்தால், ஐம்பதாம் ஆண்டில் விற்கப்பட்ட காணி பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும் என்ற சட்டத்தைக் காண்கிறோம். ஆனால் அதே அதிகாரத்தில் ஒரு விதிவிலக்கும் உண்டு. மதில் சூழ்ந்த நகரத்திலுள்ள வீட்டை விற்றவன் ஓராண்டுக்குள் மீட்டுக்கொள்ளாவிட்டால், அது வாங்கினவனுக்கே நிலைத்துவிடும், ஜூபிலியிலும் திரும்பாது. வயலுக்கு ஒரு நீதி, நகர வீட்டுக்கு வேறு நீதி. நகரத்தில் வீடிழந்தவனின் தொல்லை அன்றே தனித் தொல்லையாக இருந்தது. அதைத் தீர்க்கக் காலந்தோறும் மனிதர் வெவ்வேறு வழிகளைத் தேடியிருக்கின்றனர். நாம் பார்க்கப் போவது அவற்றுள் ஒன்று.

இலண்டன் வீடுகள் பாழானது எப்படி?

1801-இல் ஏறக்குறைய 10 இலட்சம் மக்கள் வாழ்ந்த இலண்டனில், 1861-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 28 இலட்சம் பேர் இருந்தனர். பிழைப்புத் தேடி வந்தவர்களுக்கு வேலைத் தலத்திற்கு அருகிலேயே இடம் வேண்டும். அன்றாடம் கூலி பெறுபவன் தொலைவில் வாழ முடியாது. அதே சமயத்தில் ரயில் பாதைகளுக்காகவும் அகலத் தெருக்களுக்காகவும் ஏழைகளின் வீடுகள் ஆயிரக்கணக்கில் இடிக்கப்பட்டன. ஆட்கள் பெருக, வீடுகள் குறைய, ஒரு குடும்பத்திற்கெனக் கட்டிய வீட்டில் ஐந்து, ஆறு குடும்பங்கள் குடியேறின.

வீடுகள் சீரழிந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. இலண்டனில் பெரும்பாலும் நிலம் ஒருவருக்குச் சொந்தம். நீண்டகாலக் குத்தகைக்கு வீடு இன்னொருவர் கையில். அவரிடமிருந்து வாங்கி வாரவாடகைக்கு அறை அறையாக விடுபவர் மூன்றாமவர். குத்தகை முடியும்போது வீடு நிலக்காரருக்கே போய்விடும். எனவே குத்தகைக் காலம் தேயத் தேய, பழுது பார்க்கும் செலவும் தேய்ந்துகொண்டே போகும். கையை விட்டுப் போகும் வீட்டுக்கு யார் ஓடு மாற்றுவார்கள்? கிடைத்தவரை வாடகையைப் பறித்துக்கொள்வதே இடைத்தரகர்களின் வழக்கமாயிற்று. வாடகை நிலுவை நிறைய நிற்கும் போலிருக்கிறதே என்று கேட்கப்பட்டபோது, வாடகையை நம்பி நான் இவ்வீடுகளை வைத்திருக்கவில்லை, இங்கே நிகழும் சாவுகளே எனக்கு வருமானம் என்ற பொருள்படப் பதில் சொன்னாராம் ஒரு வீட்டுக்காரர். அவர் பிணப்பெட்டி செய்து சவ அடக்கம் நடத்தும் தொழிலைச் சேர்ந்தவர்!

தருமமும் வட்டியும்

இந்நிலையை மாற்ற நல்லெண்ணம் கொண்ட சிலர் முன்வந்தனர். 1841-இல் தொழிலாளர் குடியிருப்புகளைச் சீர்திருத்த இலண்டனில் ஒரு சங்கம் தோன்றியது. பொதுச் சுகாதாரத்திற்காகப் பாடுபட்ட டாக்டர் சவுத்வுட் ஸ்மித் அதில் முக்கிய பங்கு கொண்டார். பங்குதாரருக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இலாபம் கொடுப்பதில்லை என்பது அச்சங்கத்தின் கொள்கை. 1862-இல் அமெரிக்க வணிகர் ஜார்ஜ் பீபடி 1,50,000 பவுன் நன்கொடை அளித்து ஓர் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தார். 1863-இல் சிட்னி வாட்டர்லோ என்பவர் ஒரு கம்பெனியை நிறுவினார். வியாபாரத்தில் கிடைக்கும் பேரிலாபத்தை விட்டுக்கொடுத்து, ஐந்து சதவீதத்தோடு மனநிறைவு கொள்ளும் இம்முறைக்கு "ஐந்து சதவீதத் தருமம்" என்றே பெயர் வழங்கியது. அக்காலத்தில் அரசாங்கக் கடன் பத்திரங்களுக்கு 3 சதவீத வட்டிதான். எனவே ஐந்து என்பது முதல் போடுபவருக்கு நட்டமல்ல, பேராசையும் அல்ல.

ஆனால் இவர்கள் எல்லாரும் பழையதை இடித்தோ வெற்று மனையிலோ புதிய மாடிக் கட்டடங்களைக் கட்டினார்கள். அங்கே இடம் பெற்றவர்கள் பெரும்பாலும் நிலையான கூலியுள்ள கைத்தொழிலாளர். கூடை சுமப்பவர், துணி வெளுப்பவர், இன்று வேலை உண்டு நாளை இல்லை என்ற நிலையிலுள்ளவர் ஆகியோர் பழைய பொந்துகளிலேயே கிடந்தனர். அவர்களைத் தேடிப் போனவர்தான் நம் கட்டுரையின் தலைவி.

ஒக்டேவியா ஹில் அம்மையார்

ஒக்டேவியா ஹில் 1838 டிசம்பர் 3-ஆம் நாள் இங்கிலாந்தின் விஸ்பெக் நகரில் பிறந்தார். தந்தை தானிய வியாபாரி. வங்கித் தொழிலும் உண்டு. 1840-இல் தந்தை நொடித்துப்போனார், மனநலமும் குன்றினார். பாட்டனாரின் ஆதரவில் குடும்பம் வாழவேண்டியதாயிற்று. தாயின் தந்தையாகிய அப்பாட்டனார் வேறு யாருமல்லர். மேலே சொன்ன டாக்டர் சவுத்வுட் ஸ்மித்தே. ஏழை வீடுகளில் காய்ச்சல் பரவும் விதத்தைப் பேத்தி அவரிடமிருந்தே அறிந்துகொண்டாள். பதின்மூன்று பதினான்கு வயதில் ஒக்டேவியா ஒரு கூட்டுறவுத் தொழிற்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, பொம்மை செய்யும் ஏழைச் சிறுமியருக்கு மேற்பார்வையாளரானார். அச்சிறுமியரின் வீடுகளுக்குச் சென்றபோதுதான் ஒண்டுக்குடித்தனத்தின் கொடுமையை நேரில் கண்டார்.

இக்காலத்தில் புகழ்பெற்ற எழுத்தாளர் ஜான் ரஸ்கினின் அறிமுகம் கிடைத்தது. அவருக்காகப் பழைய ஓவியங்களைப் பார்த்து வரையும் பணியில் ஒக்டேவியா ஈடுபட்டார். ரஸ்கின் நமக்கு முற்றிலும் அந்நியரல்லர். திராட்சைத் தோட்டத்தில் கடைசியாக வந்த கூலியாளுக்கும் முழுக் கூலி கொடுத்த தலைவனைப் பற்றிய நற்செய்தி உவமையிலிருந்து தலைப்பை எடுத்து அவர் எழுதிய பொருளாதார நூலைத்தான் 1904-இல் தென்னாப்பிரிக்காவில் ரயில் பயணத்தின்போது காந்தியடிகள் படித்தார். பின்னர் 1908-இல் "சர்வோதயம்" என்ற பெயரில் குஜராத்தியில் சுருக்கி எழுதினார்.

முதல் கடனும் அதன் கணக்கும்

1864-இல் ரஸ்கினின் தந்தை இறந்தார். பெருஞ்செல்வம் மகன் கைக்கு வந்தது. மறு ஆண்டு, மேரிலபோன் பகுதியில் "பாரடைஸ் பிளேஸ்" என்னும் சந்திலிருந்த 3 வீடுகளின் குத்தகையை அவர் 750 பவுனுக்கு வாங்கி ஒக்டேவியாவிடம் ஒப்படைத்தார். பெயரில் மட்டுமே அது சிங்காரத் தோப்பு! வீட்டுக்கு 6 அறைகள். குத்தகையில் எஞ்சியிருந்த காலம் 56 ஆண்டுகள். அச்சந்துக்கு இன்று கார்பட் பிளேஸ் என்று பெயர்.

ரஸ்கின் பணத்தைத் தானமாக எறியவில்லை. போட்ட முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி வரவேண்டும் என்றார். அவருக்கு அப்பணம் தேவைப்பட்டதால் அல்ல. ஒரு பணக்காரரின் தானம் மூன்று வீடுகளோடு முடிந்துவிடும். ஐந்து சதவீதம் தவறாமல் வரும் என்று மெய்ப்பிக்கப்பட்டால் பிறரும் முதல் போட முன்வருவார்கள், மூன்று வீடு முந்நூறாகும் என்பது அவர் கருத்து. ஐந்துக்கு மேல் எது மிஞ்சினாலும் அது வீடுகளுக்கே, குடியிருப்போர் நன்மைக்கே செலவாக வேண்டும்.

இக்கணக்கை நாமும் சற்றுப் போட்டுப் பார்ப்போம். 1 பவுனுக்கு 20 ஷில்லிங். 1 ஷில்லிங்கிற்கு 12 பென்னி. 750 பவுனுக்கு ஐந்து சதவீதம் ஆண்டுக்கு 37 பவுன் 10 ஷில்லிங். அதை 18 அறைகளுக்கும் 52 வாரங்களுக்கும் பங்கிட்டால், அறைக்கு வாரம் 10 பென்னிக்கும் குறைவு. குத்தகை முடிவதற்குள் முதலும் திரும்ப வேண்டுமல்லவா? 56 ஆண்டில் 750 பவுனைச் சம பங்காக ஒதுக்கினால் ஆண்டுக்குப் 13 பவுனுக்குச் சற்று மேல். அதையும் சேர்த்தால் அறைக்கு வாரம் 13 பென்னி. இருபது ஆண்டுகளுக்குப் பின் அரசாங்க விசாரணைக் குழு கண்டறிந்தபடி, நடு இலண்டனில் ஏழைகள் ஓர் அறைக்குக் கொடுத்த சராசரி வாரவாடகை ஏறக்குறைய 47 பென்னி. காலமும் இடமும் சற்று வேறு. பழுது பார்க்கப் போட்ட பணத்துக்கும் வட்டி உண்டு. ஆயினும் ஓர் உண்மை விளங்குகிறது. வாங்கிய விலை ஏழையை நசுக்கவில்லை. வாடகையின் பெரும்பகுதி வேறெங்கோ கரைந்தது. வரி, தண்ணீர், பழுது ஆகியவற்றோடு, வராத நிலுவை, காலி அறை, உடைத்து நாசமாக்கப்பட்ட பொருள்கள் ஆகிய ஓட்டைகள் வழியாகவே அது ஒழுகிற்று. ஒழுங்காகக் கொடுப்பவன், கொடுக்காதவன் பங்கையும் சேர்த்துச் சுமந்தான். அவ்வோட்டைகளை அடைத்தால் வாடகையை உயர்த்தாமலே வீட்டைச் சீராக்கலாம் என்பதே அம்மையாரின் துணிபு.

பழுது பார்த்த முறை

வீடுகள் கைக்கு வந்தபோது இருந்த நிலையை அம்மையாரே எழுதி வைத்திருக்கிறார். சுவரில் சாந்து உதிர்ந்துகொண்டிருந்தது. கூரை ஒழுகியதால் மாடிப்படியில் வாளி வைத்திருந்தார்கள். படிகளின் கைப்பிடிக் கட்டைகளை யாரோ விறகாக எரித்துவிட்டிருந்தனர். துணி துவைக்கும் அறையில் பழைய சொந்தக்காரரின் தட்டுமுட்டுச் சாமான்கள் அடைத்துப் பூட்டப்பட்டிருந்தன. ஒழுகும் தொட்டி ஒன்றுதான் எல்லாருக்கும் தண்ணீர். வந்த நேரத்தில் பிடிக்காதவர்களுக்கு இல்லை. சன்னல்களில் 192 கண்ணாடிகளுள் உடையாமல் இருந்தவை 8 மட்டுமே.

எல்லாரையும் வெளியேற்றி, வீட்டைப் புதுப்பித்து, வாடகையைக் கூட்டி, வேறு ஆள்களைக் குடிவைப்பதே பணம் படைத்தோர் வழக்கம். அம்மையார் அப்படிச் செய்யவில்லை. முதலில் சாக்கடையைச் சரிசெய்தார். பெரிய கற்பலகைத் தொட்டி ஒன்றை அமைத்தார். துவைக்கும் அறையைத் திறந்து முறை வைத்துக் கொடுத்தார். கூரையும் கணப்பும் சன்னலும் சீராயின. ஓர் அறை காலியானால் அதைத் துப்புரவாக்கி வெள்ளையடித்து, நல்ல முறையில் நடக்கும் ஒரு குடும்பத்தை அதில் மாற்றுவார். அவர்கள் விட்ட அறை அடுத்துச் சுத்தமாகும். இவ்விதம் ஒன்றன்பின் ஒன்றாக வேலை நடந்ததால், வாடகை வரவு ஒருநாளும் அடியோடு நிற்கவில்லை. பழுதுச் செலவையும் ஒரே மூச்சில் கடன் வாங்க வேண்டியிருக்கவில்லை. அறைகள் பெரும்பாலும் பழைய வாடகைக்கே விடப்பட்டன. பிள்ளைகள் அதிகமுள்ள குடும்பம் இரண்டு அறை எடுத்தால் வாடகையில் சலுகை. உள்வாடகைக்கு விடுவது கூடாது.

இவற்றிலெல்லாம் சிறந்தது பழுது நிதி ஏற்பாடு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை ஒதுக்கிவிடுவார். உடைந்ததைச் சரிசெய்தது போக மீதியிருந்தால், குடியிருப்போர் தாங்களே விரும்பிக் கேட்கும் வசதிக்கு அது செலவாகும். இதன் பயனை நாம் எளிதில் ஊகிக்கலாம். நேற்றுவரை கைப்பிடியைப் பிடுங்கி அடுப்பில் வைத்தவன், இன்று பக்கத்து வீட்டுப் பையன் கல்லெறிந்தால் அதட்டுகிறான். ஏனெனில் உடைவது அவனுடைய அலமாரி. மேலும் அவசரமில்லாத வேலைகளை ஒதுக்கி வைத்து, வேலையற்ற காலத்தில் குடியிருப்போருக்கே கொடுத்தார். பெரிய பெண்பிள்ளைகள் வாரம் மூன்று நாள் நடைபாதைகளைத் தேய்த்துக் கழுவிக் கூலி பெற்றனர். அக்கூலி வாடகையாகத் திரும்பி வந்தது.

வாரந்தோறும் வாடகை

வாடகை வசூலுக்கு அடியாட்களும் கணக்குப்பிள்ளைகளும் இல்லை. அம்மையாரும் அவர் பழக்கிய பெண்களும் வாரந்தோறும் கதவைத் தட்டினார்கள். ஒழுகும் குழாய், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளை, வேலையிழந்த கணவன் எல்லாம் அந்த ஒரு வருகையில் தெரிந்துவிடும். அப்பெண்களுள் எம்மா கான்ஸ் போன்றோர் பின்னாளில் தாங்களே பெரும் பணிகளைத் தொடங்கினர்.

இதில் கண்டிப்பும் உண்டு. நிலுவை சகிக்கப்படவில்லை. கொடுக்க மறுப்பவர்களும் ஒழுக்கக்கேடாக நடப்பவர்களும் வெளியேற்றப்பட்டனர். இரக்கம் வேறு, ஏமாளித்தனம் வேறு என்பது அம்மையாரின் எண்ணம். இலவசம் மனிதனைத் தாழ்த்தும் என்றும், நேரத்துக்கு வாடகை கொடுப்பவன் தலைநிமிர்ந்து பேசுவான் என்றும் அவர் நம்பினார்.

பலன் என்ன? ஐந்து சதவீதம் தவறாமல் சேர்ந்தது. முதலைத் திருப்பவும் நிதி வளர்ந்தது. வராக்கடன் மிகச் சொற்பம். 1866-இல் ரஸ்கின் பிரஷ்வாட்டர் பிளேசில் மேலும் 5 வீடுகளை, இம்முறை நிலத்தோடு சேர்த்து, வாங்கிக் கொடுத்தார். முன்னால் பாழடைந்த மாட்டுக்கொட்டில்களும் எருக்குப்பையும் கிடந்த இடம் குழந்தைகளின் விளையாட்டு மைதானமாயிற்று. அதே ஆண்டில் அம்மையார் தம் அனுபவத்தை ஒரு பத்திரிகையில் எழுதி வெளியிட்டார். 1872 முதல் 1911 வரை உடன் உழைப்போருக்கு அவர் எழுதிய கடிதங்களில் நன்கொடைகளின் வரவு செலவையும் அச்சிட்டு வெளியிட்டு வந்தார். அதைக் கண்டு நம்பிக்கை கொண்ட பலர் முதல் போட்டனர். 1874-இல் 15 இடங்களில் ஏறக்குறைய 3,000 பேர் அவர் பொறுப்பிலிருந்த வீடுகளில் வாழ்ந்தனர்.

1877-இல் ரஸ்கினுக்கும் அவருக்கும் கடும் மனத்தாங்கல் ஏற்பட்டது. ரஸ்கின் தம் கடிதங்களையும் அம்மையாரின் கடிதங்களையும் தம் ஏட்டில் அச்சிட்டுவிட்டார். அம்மையார் நோயுற்று வெளிநாடு செல்ல நேர்ந்தது. ஆயினும் பணி நிற்கவில்லை. ஒருவர் கொடையை மட்டும் நம்பியிருந்தால் அன்றே எல்லாம் முடிந்திருக்கும். 1884-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் சொத்து ஆணையர்களும் தெற்கு இலண்டனிலுள்ள தங்கள் வீடுகளை அவரிடம் ஒப்படைத்தார்கள். அவர் நூல் 1878-இல் ஜெர்மன் மொழியில் வந்தது. 1896-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் அவர் பெயராலேயே ஒரு சங்கம் தோன்றி, பழைய வீடுகளை வாங்கிப் பழுது பார்த்து விடும் பணியை மேற்கொண்டது.

எட்டாத இடங்கள்

நல்லதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது வரலாறாகாது. 1884-இல் பாட்டாளிகளின் வீட்டுநிலையை ஆராய அரசாங்கம் ஒரு குழு அமைத்தது. இளவரசர் எட்வர்டும் நம் கர்தினால் மானிங் ஆண்டகையும் அதில் உறுப்பினர். பெண் என்ற காரணத்தால் ஒக்டேவியா ஹில்லுக்கு உறுப்பினர் இடம் மறுக்கப்பட்டது. சாட்சி சொல்ல மட்டும் அழைக்கப்பட்டார். அக்குழுவின் அறிக்கை ஏழையின் வருமானத்தில் வாடகை எவ்வளவு பெரும்பங்கை விழுங்குகிறது என்பதை வெளிப்படுத்தியது. கூலியே போதாதபோது எவ்வளவு அன்பாகக் கதவைத் தட்டினாலும் வாடகை எங்கிருந்து வரும்? 1885 முதல் இலண்டனின் கிழக்குப் பகுதியில் இதே முறையில் வாடகை வசூலித்த பீட்ரிஸ் பாட்டர், பின்னாளில் பீட்ரிஸ் வெப் என்று புகழ்பெற்றவர், தனிமனித முயற்சியால் வறுமை தீராது என்ற முடிவுக்கு வந்தார். அம்மையாரோ நகராட்சியே வீடு கட்டி வாடகைக்கு விடுவதை இறுதிவரை எதிர்த்தார். காலம் அவ்வழியில் செல்லவில்லை.

எனினும் மறுபக்கத்தையும் நாம் நோக்க வேண்டும். இலண்டன் மாவட்ட மன்றம் ஒரு பெரிய சேரியை முழுதும் இடித்து, 1900-இல் பவுண்டரி எஸ்டேட் என்ற அழகிய குடியிருப்பைத் திறந்தது. இடிக்கப்பட்ட வீடுகளில் இருந்தவர்கள் 5,700-க்கும் மேற்பட்டோர். அவர்களுள் புதிய வீடுகளில் இடம் பெற்றவர்கள் 11 பேரே என்று வரலாற்றாசிரியர்கள் குறிக்கின்றனர். செங்கல் புதிதாயிற்று, ஏழை அடுத்த சேரிக்குப் போனான். பாரடைஸ் பிளேசில் செங்கல் பழையதாகவே இருந்தது. கொடுக்க மறுத்தவர்கள் நீங்கலாக அங்கிருந்த ஏழையே அங்கு வாழ்ந்தான். வெளியேற்றப்பட்ட அந்தச் சிலர் எங்கே போனார்கள் என்ற கேள்வி மட்டும் நம் மனத்தை உறுத்தாமல் இல்லை.

பொது இடங்களையும் பசுமையையும் காக்கும் தேசிய அறக்கட்டளையை 1895-இல் வேறு இருவரோடு சேர்ந்து நிறுவிய பெருமையும் ஒக்டேவியா ஹில் அம்மையாருக்கு உண்டு. 1912 ஆகஸ்ட் 13-ஆம் நாள் அவர் காலமானார்.

பங்கு மக்களே, நம்மில் பலர் ஒண்டுக்குடித்தனத்தில் வாழ்ந்தவர்கள். சிலர் இன்று இரண்டு மூன்று குடித்தனங்களுக்கு வீடு விட்டிருப்பவர்கள். சீட்டுப் பிடித்தும், நகையை வைத்தும், கடன் வாங்கியும் பழைய வீட்டைச் சீர்செய்ய எண்ணுவோரும் உண்டு. அவர்கள் அனைவருக்கும் இவ்வரலாறு சில எளிய கேள்விகளை விட்டுச் செல்கிறது. போட்ட பணத்துக்கு எவ்வளவு வந்தால் போதும் என்று நாம் முன்கூட்டியே ஒரு வரம்பு கட்டியிருக்கிறோமா? பழுதுக்கென்று ஒரு தொகையை வாடகையிலிருந்தே ஒதுக்குகிறோமா? அதில் மிஞ்சுவதில் குடியிருப்பவருக்கும் பங்கு உண்டா? வாடகைக்காகக் கதவைத் தட்டும்போது, கதவுக்குப் பின்னாலிருக்கும் குடும்பத்தின் நிலை நமக்குத் தெரியுமா? மதில் சூழ்ந்த நகரத்து வீட்டுக்கு ஜூபிலிச் சட்டம் எட்டவில்லை. சட்டம் எட்டாத இடத்தில் மனிதரின் நியாய உணர்வுதான் எட்டவேண்டும். நூற்றுக்கு ஐந்து என்று ஒரு கோடு போட்டு, அதற்குமேல் ஆசைப்படாமல் நின்றவர்களால் அது ஓரளவு எட்டியது என்பதற்கு இலண்டனின் அந்தச் சிறு சந்து சான்று.